இரண்டு முறை கூப்பிட்ட குரல்

போடிமெட்டுக்கு மேலே, ஏலத்தோட்டத்தின் நடுவில், ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை ஒன்று இருந்தது. அதில் பத்து வயது ஒச்சம்மாளும் அவள் அப்பா சின்னமுத்துவும் தங்கியிருந்தார்கள். கூட ஒரு கோழியும் இருந்தது. அந்த மூவரில் அதிகம் பேசுவது கோழிதான்.

போன வருடம் ஊரெல்லாம் விஷக்காய்ச்சல் வந்தபோது ஒச்சம்மாளைப் பெற்ற ஆத்தா இறந்துபோனாள். சொந்த ஊரான ராசிங்காபுரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அதனால் அப்பா அவளையும் மலைக்குக் கூட்டிவந்துவிட்டார். காய் பறிக்க வந்த பெண்கள் பறிப்பு முடிந்ததும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கிப் போனார்கள். கண்ணுக்கு எட்டின தூரம் வரை ஏலச்செடியும் மேகமும்தான்.

வந்த நாளிலிருந்து அப்பா ஒரு நாளைக்கு மூன்று பேச்சுதான் பேசினார். காலையில், "எந்திரி." மத்தியானம், "சாப்பிட்டியா?" இருட்டினதும், "படு." அவள் பெயரைச் சொல்வதையே விட்டுவிட்டார்.

ஆத்தா இருந்தபோது வாய் ஓயாமல் "ஒச்சம்மா, ஒச்சம்மா" என்று கூப்பிடுவாள். அப்போது ஒச்சம்மாளுக்கு எரிச்சலாக வரும். இப்போதோ யாராவது ஒரே ஒரு தடவை கூப்பிட மாட்டார்களா என்று ஏக்கமாக இருந்தது. சில நாள் தன் பெயரைத் தானே சொல்லிப் பார்ப்பாள். தீனி வருகிறதாக்கும் என்று கோழி ஓடிவரும்.

ஒரு நாள் பிற்பகல் அப்பா விறகு வெட்டக் கிளம்பினார். அன்று அதிசயமாக நாலு வார்த்தை கூடுதலாகவே பேசினார்.

"அடுப்பு அணையாமப் பாத்துக்க. காட்டுக்குள்ள இருந்து யாராச்சும் கூப்பிட்டா உடனே பதில் சொல்லக்கூடாது. பேய் ரெண்டு தடவதான் கூப்பிடும். மூணாவது தடவ கூப்பிட்டாத்தான் மனுசன்."

"சரிய்யா," என்றாள் ஒச்சம்மாள். இன்னும் கொஞ்சம் பேசுவார் என்று அவர் முகத்தையே பார்த்தாள். அவர் அரிவாளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சற்று நேரத்தில் மூடுபனி இறங்கியது. எதிரே இருந்த மரம் மறைந்தது. பிறகு வாசலும் மறைந்தது. ஒச்சம்மாள் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள்.

அப்போது பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"யாராச்சும் இருக்கீகளா?"

ஒச்சம்மாள் அடுப்போடு ஒட்டிக்கொண்டாள். விரலை மடக்கி ஒன்று என்று எண்ணினாள்.

"யாராச்சும் இருக்கீகளா?"

இரண்டு. மூன்றாவது விரலை மடக்கத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். குரல் வரவில்லை. அப்படியானால் பேயேதான். ஒச்சம்மாள் கோழியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அடுத்து விசும்பல் கேட்டது. பேய் அழுமா என்பது அவளுக்குத் தெரியவில்லை. கூடவே அந்தக் குரல், "சீ, சனியனே, விடு. எத்தன அட்டைதான் ஒரு கால்ல கடிப்பீக?" என்று அழுகையோடு யாரையோ திட்டியது.

ஒச்சம்மாள் யோசித்தாள். அட்டை ரத்தம் குடிக்கத்தான் கடிக்கும். பேய்க்கு ஏது ரத்தம்? அந்தப் பக்கம் கிடுகிடு பள்ளம் வேறு இருந்தது. பனியில் கால் தவறினால் அவ்வளவுதான்.

உடனே அவள் எழுந்தாள். அடுப்பில் இரண்டு பெரிய கட்டைகளை வைத்தாள். மூட்டை கட்டும் கயிறுகள் நான்கை ஒன்றோடு ஒன்று முடிந்தாள். ஒரு நுனியைக் கொட்டகைத் தூணில் கட்டி, மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். அட்டைக்கு வைக்கும் உப்புப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பனிக்குள் நடந்தாள்.

கயிறு இழுத்து நிறுத்தியபோது, அழுகை பத்தடி தூரத்தில் கேட்டது. ஆள் தெரியவில்லை.

"அழுகுறது யாரு?"

அழுகை சட்டென்று நின்றது.

"போயிரு. நான் ஒண்ணும் ஒன்னையக் கூப்பிடல," என்றது குரல். அது ஒரு சிறுமியின் குரல்.

"ரெண்டு தடவ கூப்பிட்டியே. மூணாவது தடவ ஏன் கூப்பிடல? நான் விரல மடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"மூணாவது தடவ கூப்பிட்டா பேய்தான் பதில் சொல்லும்னு எங்க அய்யா சொல்லியிருக்காரு. நீ கூப்பிடாமலே வந்துட்ட. நீ அதவிடப் பெரிய பேயி."

ஒச்சம்மாளுக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வந்தது. ஓர் அப்பா மூன்றாவது தடவைக்குக் காத்திரு என்கிறார். இன்னோர் அப்பா மூன்றாவது தடவை கூப்பிடாதே என்கிறார். இவர்களை நம்பினால் இந்த மலையில் யாரும் யாரையும் கண்டுபிடிக்கவே முடியாது.

"நான் சின்னமுத்து மக, ஒச்சம்மா. ஏலக்காக் கொட்டகையில இருக்கேன். என் கையில உப்பு இருக்கு. பேய் உப்பத் தொடுமா?"

"உப்புன்னு நீதான சொல்ற. எனக்கு எப்படித் தெரியும்?"

ஒச்சம்மாள் பொட்டலத்தை உருட்டிவிட்டாள். பொட்டலம் பிரியும் சத்தம் கேட்டது.

"உப்புத்தான்," என்றது குரல், வாயில் எதையோ சப்பிக்கொண்டு.

"நக்கிப் பாத்தது போதும், மிச்சத்த அட்டைக்கு வையி. வச்சிட்டு, என் குரலு வர்ற பக்கமா தவந்து வா. எந்திரிச்சு நடக்காத, பள்ளம் இருக்கு."

முதலில் ஒரு கை தெரிந்தது. பிறகு செம்மண் அப்பிய முகம். ஒச்சம்மாள் அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சில்லிட்டுப் போயிருந்தாலும் அது மனுசக் கைதான்.

அவள் பெயர் கருப்பம்மாள். பொதிக்கழுதை ஓட்டும் சீனிச்சாமியின் மகள். அப்பாவோடு முதல் தடவையாக மலைக்கு வந்திருந்தாள். ஒரு கழுதை தப்பி ஓட, அதைப் பிடிக்கப் போய்ப் பனியில் வழி தவறிவிட்டாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அழுகைக்கு நடுவே இவ்வளவு பேச முடியும் என்று ஒச்சம்மாளுக்கு அன்றுதான் தெரிந்தது.

இருவரும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பத் தொடங்கியபோது, கயிறு விண்ணென்று அதிர்ந்தது. யாரோ மறுபக்கத்தைப் பிடித்திருந்தார்கள். அடுத்த நொடி மலையே அதிரும்படி ஒரு குரல் கேட்டது.

"ஒச்சம்மா!"

கருப்பம்மாள் அவள் கையை இழுத்தாள். "பொறு. பதில் சொல்லிராத. எத்தன தடவ கூப்பிடுதுன்னு பாப்போம்."

ஒச்சம்மாள் எதையும் எண்ணவில்லை. "அய்யா, இங்கதான் இருக்கேன்," என்று கத்தினாள். அவள் பதில் சொன்ன பிறகும் அப்பா நிறுத்தவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு பனிக்குள் ஓடிவந்தபடி, "ஒச்சம்மா, ஒச்சம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வந்ததும் அவளை வாரி எடுத்தார். அவர் கண்ணீர் அவள் கழுத்தில் வழிந்தது. அவர் அழுது அவள் அதுவரை பார்த்ததே இல்லை. ஆத்தா போன அன்றுகூட அவர் அழவில்லை.

"அடுப்புல கட்டை வச்சிட்டுத்தான் வந்தேன் அய்யா," என்றாள் ஒச்சம்மாள்.

"அடுப்புக் கெடக்கட்டும்," என்றார் அப்பா.

மூவரும் கொட்டகைக்குத் திரும்பிய சற்று நேரத்தில் சீனிச்சாமி மகளைத் தேடி அலறிக்கொண்டு வந்தார். அவர் பின்னாலேயே, ஓடிப்போன கழுதையும் ஒன்றும் தெரியாததுபோல் வந்து நின்றது. அது தன்பாட்டுக்கு எப்போதோ திரும்பி வந்துவிட்டதாம். கருப்பம்மாள் அதை முறைத்தாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். கழுதை மணிச் சத்தம் வளைவுக்கு வளைவு தேய்ந்து, கடைசியில் நின்றுபோனது.  ஒச்சம்மாளுக்கு முந்தின நாளைவிட மலை இன்னும் பெரியதாகவும், வெறிச்சென்றும் இருந்தது.

அப்பா இரண்டு சட்டியில் கஞ்சி ஊற்றிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "சாப்பிட்டியா" என்று கேட்கவில்லை. கஞ்சியைக் கலக்கிக்கொண்டே வாயைத் திறந்தார்.

"உன் பேரச் சொன்னா உங்க ஆத்தா கூப்பிடுற மாதிரியே கேக்குது, ஒச்சம்மா. அதான் எனக்கு வாயே வரல."

"எனக்கு அந்த மாதிரிக் கேக்கணும் அய்யா," என்றாள் அவள்.

அப்பா கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்தார். பிறகு, "உங்க ஆத்தா மொதத் தடவ இந்த மலைக்கு வந்தப்ப என்ன பண்ணுனா தெரியுமா?" என்றார்.

"என்ன பண்ணுச்சு?"

"குளிருதுன்னு என் வேட்டியையும் உருவிப் போத்திக்கிட்டா. நான் விடிய விடியச் சாக்கக் கட்டிக்கிட்டு நின்னேன்."

ஒச்சம்மாள் சிரித்துவிட்டாள். "பெறகு?"

"பெறகு என்ன, மறுநா கங்காணி வந்து என்னையப் பாத்தாரு..."

கஞ்சி ஆறி ஏடு கட்டிவிட்டது. அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.