பேழைக்கு இரண்டு கண்

செவ்வாய்க் கிரகக் குடியிருப்பில் சாவு விழுந்தால் முதலில் சவப்பேழையில் படம் எழுதுகிற கருவியைத்தான் கூப்பிடுவார்கள், அழுகையெல்லாம் அப்புறம். அந்த மண்ணில் எதுவும் மக்காது. எரிக்கலாமென்றால் மூச்சுக்கே காற்று அளந்துதான் வருகிறது. ஆகவே யாரோ பழைய எகிப்தின் பேழை வழக்கத்தைத் தோண்டி எடுத்தார்கள். மரத்துக்குப் பதில் பாசியை அழுத்திச் செய்த பலகை, மற்றதெல்லாம் அப்படியே. மூடியின் உட்புறம் கைவிரித்த வானத்துத் தேவி, நெஞ்சில் வண்டு, மேலே பொன்முகம்.

சாருமதி ஆறிப்போன தேநீரோடு கருவி எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் இளம்பரிதி போனதிலிருந்து, பல் பிடுங்கிய ஈறுபோல உடம்பு முழுக்க மரத்திருந்தது. உயிர் மனிதத்தலைப் பறவையாகப் பகலெல்லாம் சுற்றிவிட்டு, மாலையில் முகத்தை அடையாளம் பார்த்து உடலுக்குத் திரும்பும் என்று கருவி விளக்கியது. அவளுக்கு அதில் நம்பிக்கையில்லை. ஆனால் மனிதர் உயிரோடிருந்தபோதே வீடு மாறிப் பக்கத்து வீட்டில் போய்ச் செருப்பைக் கழற்றியவர். பறவையானால் மட்டும் திருந்திவிடுவாரா?

"இது அவர் முகம் இல்லை, தம்பி," என்றாள் கருவியிடம். "எல்லா மூடியிலயும் இதே மூஞ்சிதான் இருக்கு."

"கிடைக்கிற படமெல்லாம் இப்படித்தாம்மா. கண்வில்லையைக் கழற்றிட்டு அவரையே ஒரு தடவை பாருங்க. அந்த முகத்தையே எழுதிடறேன்."

கண்வில்லை அங்கே பள்ளியில் சேரும்போதே பொருத்துவது. எதிரே வருகிற முகத்தின் சுருக்கம், தழும்பு, சோர்வு எல்லாவற்றையும் மெழுகிக் காட்டும். பூமியில் நாம் கைபேசியில் முகத்தை மெழுகிப் படம் போட்டோமே, அந்தப் பழக்கத்தின் பேரப்பிள்ளை.

அவள் கழற்றினாள். படுக்கையில் யாரோ ஒரு கிழவர். தொங்கிய கன்னம், இமையில் மரு, மோவாயில் ஒரு பழைய தையல்.

"இவர் யாருன்னே தெரியலையே."

"உங்க வீட்டுக்காரர்தாம்மா. எனக்கு வில்லை கிடையாது. வந்ததிலிருந்து நான் பார்க்கிறது இவரைத்தான்." தூரிகையை நனைத்துக்கொண்டு, இமையிலிருந்து தொடங்கவா என்று கேட்டது.

சாருமதி யோசித்தாள். அவரும் வில்லையோடுதான் கண்ணாடி பார்த்தார். திரும்பி வருகிற பறவை தேடப்போவது அந்த மெழுகு முகத்தைத்தான். இந்தக் கிழவரைப் பார்த்தால் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பறந்துவிடும்.

"வேண்டாம். பழைய முகமே இருக்கட்டும்."

பேழையின் பக்கவாட்டில் இரண்டு கண்கள் எழுதப்பட்டிருந்தன. அவை எதற்கென்று கேட்டாள். உள்ளே படுத்திருப்பவர் வெளியே பார்ப்பதற்கு என்றது கருவி.

பொன்மூடியில் ஒரு கிழவி தெரிந்தாள். நரைத்த புருவம், சுருங்கிய வாய். சாருமதி தலையைச் சாய்த்தாள், கிழவியும் சாய்த்தாள். கிழவரின் மருவுள்ள இமையை ஒரு முறை தொட்டுவிட்டு, உள்ளங்கையிலிருந்த இரண்டு வில்லைகளையும் கருவியிடம் நீட்டினாள்.

"இதை அந்தப் பெட்டிக் கண்ணுல ஒட்டிடு, தம்பி. இல்லேன்னா, நான் பார்க்க வரும்போது யாரோ தெரியாத பொம்பளைன்னு நினைச்சுக்குவார்."