அசையாத ஃபின்

செந்தமிழால் சும்மா உட்கார முடியாது. வகுப்பில் உட்கார்ந்தால் பெஞ்சு ஆடும். சாப்பிட உட்கார்ந்தால் தட்டு நகரும். அவளுக்குப் பின்னல் போட்டு முடிப்பதற்குள் அம்மா பாக்கியலட்சுமிக்குக் கை வலித்துவிடும்.

இந்தத் துறுதுறுப்புக்கு ஒரே ஓர் இடத்தில்தான் மரியாதை இருந்தது. மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில், பிரியதர்ஷினி அக்கா பிள்ளைகளுக்கு அலைச்சறுக்கு சொல்லித்தரும் கொட்டகை அது. அங்கே சறுக்குப் பலகைக்கு ஃபின் மாட்டும் வேலை செந்தமிழுடையது.

ஃபின் என்றால் பலகையின் அடியில் இருக்கும் துடுப்பு. மீனுக்கு இருப்பது போலத்தான். ஒரு பலகைக்கு மூன்று. அவை இல்லாவிட்டால் பலகை அலையில் சோப்புக் கட்டி மாதிரி இஷ்டத்துக்கு வழுக்கும். ஒவ்வொரு ஃபின்னையும் நீளமான ஒரு பள்ளத்தில் செருகி, வளைந்த சின்னச் சாவியால் திருகாணியை முடுக்க வேண்டும். வேண்டும்போது கழற்றிக்கொள்ளலாம். அதுதான் அதில் வசதி.

ஆனால் இந்த மாதம் அது வேண்டாதபோதும் கழன்றது. நடுக்கடலில் கழன்றது.

முதல் தடவை, அவளோடு பயிற்சி எடுக்கும் அறிவழகன் அலைமேல் எழுந்து நின்றபோது ஒரு ஃபின் போனது. அவன் தலைகுப்புற விழுந்து, மூக்கு வழியாகக் கடலில் பாதியைக் குடித்தான். இரண்டாவது தடவையும் அவன்தான் விழுந்தான். மஞ்சளாக இருந்த மூன்று ஃபின்களில் ஒன்றுதான் மிச்சம். மற்ற இடங்களில் கொட்டகையில் கிடந்த சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றும் ஏறிக்கொண்டன. அவற்றோடு கையிருப்பும் தீர்ந்தது. இன்னொன்று போனால் பலகையை மூலையில் சாத்திவிட வேண்டியதுதான்.

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஏற்ற சின்னப் பலகை அந்த ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை போட்டி. பொம்மையார்பாளையத்திலிருந்தும் கோட்டக்குப்பத்திலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். பையன்கள் போட்டியில் அறிவழகன், அடுத்து பெண்கள் போட்டியில் செந்தமிழ், இரண்டு பேருக்கும் அதே பலகைதான். போட்டிப் பெயர்ப் பட்டியல் அறிவழகன் கையில் இருந்தது.

செந்தமிழுக்குத் தூக்கம் போயிற்று. ஒவ்வொரு நாளும் பலகை கடலுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு ஃபின்னையும் மூன்று தடவை ஆட்டிப் பார்ப்பாள். அசையாது. சாவியைப் போட்டுத் திருகிப் பார்ப்பாள். கொஞ்சமும் திரும்பாது. அவ்வளவு இறுக்கம். பிறகு எப்படிக் கழல்கிறது?

அறிவழகனுக்கு அந்தக் கேள்வியெல்லாம் இல்லை. அவனுக்குப் பதில் தெரிந்திருந்தது.

"நீ நோண்டிக்கிட்டே இருக்க, அதான் கழண்டுக்குது. உன் கை பட்டாலே லூஸ் ஆயிடும்," என்று சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான்.

செந்தமிழ் சாவியை அவன் கையில் வைத்தாள்.

"நீயே மாட்டிக்க. நாளைக்கு நான் வரல. லிஸ்ட்ல என் பேர அடிச்சிடு."

திரும்பிப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு காலை அம்மாவுடன் உப்பளத்துக்குப் போனாள். வீட்டில் இருந்தால் கால்கள் தானாகவே கடற்கரைப் பக்கம் நடந்துவிடும் என்று பயம். இங்கேயும் அவை சும்மா இல்லை. வரப்பில் உட்கார்ந்து மண்ணை உதைத்தாள். எழுந்து நடந்தாள். திரும்ப வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்மா, வரப்பு கரைஞ்சிடப் போவுது. அந்தப் பலகையயாவது எடுத்து விடு. பாத்திக்குத் தண்ணி வரணும்," என்றார் பாக்கியலட்சுமி.

வாய்க்காலையும் பாத்தியையும் பிரிக்கும் சின்ன மரப்பலகையைச் சொன்னார். ஒரு வாரமாகத் திறக்காத மடை அது. மோட்டார் போடும்வரை வாய்க்காலும் வற்றித்தான் கிடக்கும். செந்தமிழ் பலகையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் ஆட்டினாள். சிமெண்ட் வைத்துப் பூசியது போல அப்படியே நின்றது. ஓரங்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்து பிடித்திருந்தது.

பலகைமேல் கோபம் வந்தது. பிறகு சலித்துப்போய், கையில் இருந்த பாட்டில் தண்ணீரை அதன் இரண்டு ஓரத்திலும் ஊற்றினாள். உப்பளத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு பிடித்தால் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

சிறிது நேரம் கழித்து மறுபடி ஆட்டினாள். பலகை லொடலொடவென்று ஆடியது.

செந்தமிழ் அதை எடுக்கவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று காலையில் முதல்முறையாக அவள் கால்கள் அசையவில்லை.

கொட்டகையின் அடிபம்பு ரிப்பேராகி ஒரு மாதம் ஆகிறது. அதற்கு முன் பயிற்சி முடிந்ததும் பலகையை நல்ல தண்ணீரில் கழுவுவார்கள். இப்போது துணியால் துடைத்துச் சாத்திவிடுகிறார்கள். பள்ளத்துக்குள் இருக்கும் கடல் தண்ணீர் அங்கேயே காய்கிறது. உள்ளே உப்பு கட்டி, திருகாணியை முழுதாக இறங்கவிடாமல் தடுக்கிறது. கரையில் ஃபின்னைப் பிடித்துக்கொண்டிருப்பது திருகாணி இல்லை, உப்பு. கடலுக்குள் போனால் உப்பு கரைந்துவிடும்.

கரையில் அசையாது. தண்ணீரில் கழலும்.

இது தெரிந்ததும் முதலில் சந்தோஷம் வந்தது. தப்பு அவள் கையில் இல்லை. அறிவழகன் இன்னொரு தடவை கடல் குடிக்கட்டும், அப்போது தெரியும் என்று ஒரு நிமிடம் நினைக்கவும் செய்தாள். ஆனால் இன்று அவன் விழுந்தால் அத்தனை ஊர்ப் பிள்ளைகள் முன்னால் விழுவான். இந்த நாளுக்காக அவன் எத்தனை விடியற்காலை எழுந்து வந்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, நான் குப்பத்துக்குப் போறேன்."

"வரலன்னு சொன்னியே?"

அதற்குள் சைக்கிள் வரப்பைத் தாண்டியிருந்தது.

கடற்கரையில் ஒரே கூட்டம். அறிவழகன் ஒரு ஸ்கெட்ச் பேனாவால் குட்டிப் பையன்களின் கையில் எண் எழுதிவிட்டுக்கொண்டிருந்தான். செந்தமிழ் மூச்சிரைக்க வந்து நின்றதைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆனது.

"போர்டு தண்ணிக்குள்ள போகக் கூடாது. ஃபின் லூஸா இருக்குது," என்றாள்.

"நேத்து நானே முடுக்கினேன். ஆட்டிப் பாரு."

ஆட்டினாள். மூன்றுமே அசையவில்லை. சாவியைப் போட்டான், திருகாணி திரும்பவே இல்லை. சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

செந்தமிழ் குடிதண்ணீர் கேனைத் தூக்கி வந்து, பலகையைக் கவிழ்த்து, மூன்று பள்ளத்திலும் ஊற்றினாள்.

"கடல்ல முக்கப்போற போர்டுக்குக் குளிப்பாட்டு வேறயா?" என்று ஒருவன் கேட்டான்.

அவள் காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குத் தெரியாத வேலை. கை விரல்கள் துடித்தன. ஆட்டிப் பார்த்தாள். அசையவில்லை. கரையில் விசில் ஊதி, பத்து நிமிடத்தில் பையன்கள் போட்டி என்றார்கள். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். அறிவழகன் பலகையை எடுக்கக் குனிந்தான்.

"ஒரே ஒரு நிமிஷம் குடுடா. நான் சொல்றது தப்பா இருந்தா இனிமே கொட்டாய்ப் பக்கமே வரமாட்டேன்," என்றாள்.

அவன் நிமிர்ந்தான். அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்தான்.

பள்ளத்தின் ஓரத்திலிருந்து வெள்ளையாக ஏதோ கரைந்து வழிந்தது. அறிவழகன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். முகம் கோணியது. பிறகு அவனே சிவப்பு ஃபின்னைப் பிடித்து ஆட்டினான். விழப்போகும் பல்லைப் போல அது ஆடியது. கறுப்பும் ஆடியது.

யாரும் சிரிக்கவில்லை.

செந்தமிழ் நடந்ததை இரண்டு வரியில் சொன்னாள். அதற்கப்புறம் எல்லாக் கைகளும் வேலை செய்தன. பிரியதர்ஷினி அக்கா ஓடிப்போய் நடுவர்களிடம் ஐந்து நிமிடம் கூடுதலாக வாங்கி வந்தார். ஃபின்களைக் கழற்றினார்கள். யாரோ ஒரு துடைப்பத்தைப் பிடுங்கி வர, ஈர்க்குச்சியால் பள்ளத்தைச் சுரண்டிக் கழுவினார்கள். மண்ணும் உப்புமாக ஒரு கைப்பிடி வந்தது.

அறிவழகன் சாவியை அவளிடம் நீட்டினான். "நீயே மாட்டு."

சற்று முன் திரும்பவே மாட்டேன் என்ற திருகாணி, இப்போது இரண்டு முழுச் சுற்று உள்ளே போனது.

அறிவழகன் கடலில் இறங்கினான். செந்தமிழ் கரையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தாள். அவன் ஓர் அலையைப் பிடித்து எழுந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அடுத்த அலையிலும் நின்றான். அதற்கடுத்த அலையில் விழுந்தான்; ஆனால் அது அவன் குட்டிக்கரணம் போட ஆசைப்பட்டதால்.

மூன்றாவது இடம் கிடைத்தது. அதைப் பற்றி அவன் பேசவே இல்லை. பலகையோடு ஓடி வந்து, அவள் முன்னால் மணலில் கவிழ்த்து வைத்தான். மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றும் அதனதன் இடத்தில் இருந்தன.

"நேத்து அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றான், பலகையைப் பார்த்தபடி. "சரி, கெளம்பு. அடுத்து பொண்ணுங்க ரேஸ்."

"என் பேர அடிக்கச் சொன்னேனே?"

"அடிக்கல. பேனா கெடைக்கல."

மணலில் கிடந்த அவன் சட்டைப் பையில் ஸ்கெட்ச் பேனா செருகியிருந்தது. காலையில் எண் எழுதிய அதே பேனா. செந்தமிழ் அதைப் பார்த்தாள், பார்க்காதது போல் இருந்துகொண்டாள்.

விசில் ஊதினார்கள். அவள் குனிந்து ஒவ்வொரு ஃபின்னையும் ஆட்டிப் பார்த்தாள். வழக்கம் போல மூன்று தடவை இல்லை. ஒரே ஒரு தடவைதான். பிறகு பலகையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடலை நோக்கி ஓடினாள்.