மூன்றாவது வாரத் தலைவலி

"இந்தக் கண்ணாடி மூக்குல மாட்டறதுக்கா, மேஜைல வச்சு அழகு பார்க்கறதுக்கா?"

மழையோடு மழையாகக் கடைக்குள் நுழைந்தவரின் தோளில் மரத்தூள் நனைந்து ஒட்டியிருந்தது. போன வாரம் கண் பரிசோதித்துக்கொண்டு போன தச்சர்.

அவளுக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கடையில் கண் பார்க்கிறாள். ஒரு கண்ணாடியாவது திரும்பி வந்ததுண்டா?

"புதுக் கண்ணாடி பழக நாலு நாள் ஆகும் சார். நீங்க தலையைச் சாய்ச்சுப் பார்க்கறீங்களோ என்னவோ..."

"என் தலை நேராத்தான் இருக்கு மேடம். நான் செஞ்ச அலமாரிதான் சாஞ்சு நிக்குது!"

வேறு வழியில்லை. இருட்டறைக்கு அழைத்துப் போய் மறுபடியும் பார்த்தாள். கருவிக்கு அந்தப் பக்கம் தேன் நிறக் கண்கள்... ஓரத்தில் சிரித்துச் சிரித்து விழுந்த கோடுகள்... 'போன வாரம் இதையெல்லாம் எங்கே பார்த்தேன்?'

பழைய சீட்டை எடுத்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. வலக்கண்ணின் எண்களை இடக்கண்ணுக்கும், இடக்கண்ணின் எண்களை வலக்கண்ணுக்கும் மாற்றி எழுதியிருந்தாள்.

"தப்பு... என்னோடதுதான்." சொல்லும்போதே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஐயையோ, அலமாரிதானே மேடம்! இன்னொண்ணு செஞ்சா போச்சு. உங்களுக்கு என்னாச்சு, அதைச் சொல்லுங்க."

விவாகரத்தாகிப் பதினோரு வருஷத்தில் அவளை அப்படி யாரும் கேட்டதில்லை. இருட்டு வேறு தைரியம் கொடுத்தது. மாதவிடாய் நின்றதிலிருந்து உடம்பு திடீர் திடீரென அனலாய்க் கொதிப்பதையும், தூங்காமல் கிடந்த இரவுகளையும் கொட்டிவிட்டாள்.

"ஹார்மோன் மாத்திரை ஆரம்பிச்சு மூணு வாரமாச்சு. தூக்கம் வருது... ஆனா தலைவலி மண்டையைப் பிளக்குது. குமட்டல் வேற. தூக்கிப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"கண்ணாடி சரியில்லன்னு நான் தூக்கியா போட்டேன்? குடுத்தவங்ககிட்டயே கொண்டு வந்தேன்ல? நீங்களும் டாக்டர்கிட்ட போங்க."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளே போனாள். ஆரம்பத்தில் சிலருக்கு இப்படித்தான் இருக்கும், தானாக நிறுத்தக் கூடாது என்ற டாக்டர், மாத்திரைக்குப் பதில் தோலில் ஒட்டும் பட்டையாக மாற்றிக் கொடுத்தார்.

சனிக்கிழமைதோறும் தச்சர் வந்தார். சரிசெய்து கொடுத்த கண்ணாடியின் திருகாணி லூஸாம்!

"மரத்தையே இழைக்கிற கைக்கு ஒரு திருகாணி முறுக்க வராதா?"

"வராதே மேடம்..." என்பார், பச்சைப்பிள்ளை மாதிரி.

நாலாவது சனிக்கிழமை கடை நிறையக் கூட்டம். "தலைவலி இப்ப எப்படி இருக்கு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அவளுக்கு முகம் சிவந்தது.

"நோயாளியைப் பார்க்க வர்ற மாதிரி இனிமே வராதீங்க. யாரோட பரிதாபமும் எனக்கு வேணாம்."

அவர் கண்ணாடியை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. உடம்பு தேறிவிட்டது, இரவெல்லாம் நன்றாகத் தூங்கினாள். பகலில்தான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாயை நினைத்துத் தன்மீதே கோபம் வந்தது.

மூன்றாவது சனிக்கிழமை கொட்டுகிற மழையில் அவர் பட்டறைக்கே போய் நின்றாள். இழைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

"பரிதாபமா?" அவரே ஆரம்பித்தார். "பொண்டாட்டி தவறிப் போன இந்த ஆறு வருஷத்துல எனக்கு ஒரு இடத்துக்குப் போகணும்னு தோணினது உங்க கடைக்குத்தான். வெள்ளிக்கிழமையானா அந்தத் திருகாணியைக் கழட்டி விடறதே நான்தான்..."

அவள் ஈரத் தலையைக்கூடத் துடைக்கவில்லை.

"தலைவலி போச்சு. குமட்டலும் போச்சு. ஆனா உங்களை நினைச்சா வர்ற படபடப்பு மட்டும்... போகவே மாட்டேங்குது."

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?" தேன் நிறக் கண்கள் சிரித்தன.

"சொல்லல. அது போக வேணாம்... எனக்கு அது வேணும்."