வெளிக்கேபிள்

கூரையிலிருந்து ராஜகுரு தமிழில் கேட்டதுதான் இந்துப்ரியாவுக்கு முதலில் உறுத்தியது.

"வருதா?"

கல்யாணமான நாளிலிருந்து, தனியாக இருக்கும்போது அவன் அவளிடம் சௌராஷ்டிரத்தைத் தவிர வேறு மொழியில் பேசியதில்லை. பக்கத்தில் வேறு ஆட்கள் இருந்தால் மட்டும், அவர்களுக்குப் புரியாமல் பேசுவது மரியாதையில்லை என்று தமிழுக்கு மாறிக்கொள்வான். அப்படியானால் வெளியே யாரோ வந்திருக்க வேண்டும். அலங்காநல்லூரைத் தாண்டி, கரும்புக் காட்டுக்கும் கண்மாய்க் கரைக்கும் நடுவே, இந்த மழையில் யார் வருவார்கள்?

பழைய டூரிஸ்ட் பஸ்ஸை வாங்கி, படுக்கை, கழிப்பறை, சின்ன அடுப்படி, டிவி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருந்தார்கள். இது அதற்கு முதல் வாடகை. மறுநாள் காலை படப்பிடிப்பு ஆட்கள் இங்கேயே வருவார்கள். நடிகர் உள்ளே நுழைந்ததும் கிரிக்கெட் கேட்பாராம். சாயங்காலம் டிவியைப் போட்டுப் பார்த்தால் 'சிக்னல் இல்லை' என்று எழுத்து நின்றது. ராஜகுரு வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு, பின்புற ஏணியில் ஏறினான். தான் டிஷ்ஷைத் திருப்புவதாகவும், படம் வந்ததும் அவள் குரல் கொடுக்க வேண்டும் என்றும், உடனே இறங்கி வந்து கதவைத் திறந்துவிடுவதாகவும் சொல்லிவிட்டுப் போனான்.

கதவை அவன்தான் திறக்க வேண்டும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து, ஒரு விரல் நீள இரும்புத் துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அவனியாபுரம் பட்டறையில் வண்டியை எடுக்கும்போது பட்டறைக்காரர் மலையாண்டி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"மாப்ள, ஒரு நாள் விட்டுட்டுப் போ. உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டா என்ன செய்வ?"

"நீங்க வேறண்ணே. அம்புட்டுக் காசு போட்டு டிவி மாட்டியிருக்கேன். மாட்டுனவுங்க அதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டும்."

"சிரிக்காத. மொதல்ல மாட்டப்போறது உன் பொண்டாட்டிதான்."

மூன்று பேரும்தான் சிரித்தார்கள்.

மேலே மறுபடியும், "வருதா?"

இன்னும் வரவில்லை என்று அவள் சௌராஷ்டிரத்தில் கத்தினாள்.

தகரக் கூரையில் மழை மட்டும் கொட்டியது. பிறகு, "என்னது?" என்றது குரல்.

ராஜகுருவின் குரல்தான். ஜலதோஷம் பிடித்தால் இப்படித்தான் கொஞ்சம் அடைத்திருக்கும். பக்கத்தில் ஆள் நிற்கும்போது வீட்டு மொழியில் பதில் சொன்னது தன் தப்புதான் என்று நினைத்துக்கொண்டு, "வரலைங்க" என்றாள். டிஷ் கம்பி துருவோடு கரகரவென்று திரும்பியது.

சற்று முன் இடி விழுந்தபோது வண்டி குலுங்கியதும், மூட்டை விழுந்ததுபோல ஒரு சத்தம் கேட்டதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன. வெளியே யாரென்று பார்க்கலாம் என்று ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தினாள். திரை டிஷ்ஷிலிருந்து வண்டியின் பின்கேமராவுக்கு மாறியது. மழைக்கோடுகள், ஏணி, ஏணியின் அடியில் சேற்றில் கவிழ்ந்து கிடந்த ஒற்றைச் செருப்பு. ஆள் யாருமில்லை. இன்னொரு முறை அழுத்தினாள்.

அடுத்தது வெளிக்கேபிள். லாட்ஜ் வாசலில் வண்டி நிற்கும்போது அங்கிருந்து ஒயர் இழுத்துச் சொருக, பக்கவாட்டில் முழங்கால் உயரத்தில் ஒரு துளை உண்டு. எதுவும் சொருகாதபோது வெறும் நீலம்தான் வரும் என்று ராஜகுரு காட்டியிருந்தான்.

நீலம் வரவில்லை. படம் வந்தது. இதுவரை அந்த டிவியில் பார்க்காத அளவுக்குத் துல்லியமான படம். முழங்கால் உயரத்திலிருந்து தெரிந்த சேறு, பின்சக்கரம், கரும்புத் தோகை. சக்கரத்துக்குப் பக்கத்தில் ராஜகுரு மல்லாந்து கிடந்தான். ஒரு கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. சேற்றில் அவன் விரல்கள் அசைந்தன.

தலைக்கு மேலே, "வருதா?"

ரிமோட் கீழே விழுந்தது.

கதவில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துத் திருகினாள். உள்ளங்கை கிழிந்தது. குக்கரை எடுத்துக் கறுப்புத் தாள் ஒட்டிய ஜன்னல் கண்ணாடியில் அடித்தாள், குக்கர்தான் நசுங்கியது. டிரைவர் பக்கம் போகும் வழியை, நடிகர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று இரும்புத் தகடு வைத்து அடைத்தாயிற்று. அவளுடைய போன் அந்தப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. சக்கரம் இருக்கும் பக்கத்துச் சுவரில் வாயை வைத்து, வீட்டு மொழியில் அவன் பெயரைச் சொல்லி, நான் இங்கேதான் இருக்கிறேன், எழுந்திரு, எழுந்திரு என்று கூப்பிட்டாள்.

திரையில் அவன் தலை மெல்ல இந்தப் பக்கம் திரும்பியது.

மேலே கரகரப்பு நின்றது. கூரைத் தகரம் ஓரிடத்தில் மட்டும் அமுங்கியது, அவள் தலைக்கு நேர் மேலே. யாரோ மண்டியிட்டுக் காதை வைத்ததுபோல.

"இந்து. வருதா?"

வருகிறது என்று சொன்னால் இறங்கி வரும். இறங்கி வந்தால் கதவைத் திறக்கும். கதவு திறந்தால் நான்கு எட்டில் அவனிடம் போய்விடலாம். இந்த வண்டிக்கு வெளியே அந்தக் கதவைத் திறக்க வேறு ஆளில்லை. காலைவரை ராஜகுரு தாங்கமாட்டான். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

வாயைத் திறந்தாள்.

திரையில் ராஜகுரு அவளையே பார்த்தான். மழை அவன் கண்ணுக்குள் விழுந்தது. தலையை இடமும் வலமுமாக அசைத்தான். வேண்டாம். மறுபடியும், இன்னும் மெதுவாக. வேண்டாம்.

அப்புறம் தலை அசையவில்லை. விரல்களும். திறந்த கண்ணில் மழை விழுந்துகொண்டே இருந்தது.

"வரலை," என்றாள் இந்துப்ரியா. "இன்னும் கொஞ்சம் திருப்புங்க."

கரகர.

"இப்ப?"

"வரலை."

"இப்ப வருதா?"

"வரலைங்க. இன்னும் கொஞ்சம்."

எத்தனை தடவை என்று அவளுக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடியில் மிச்சமிருந்த வெளிச்சமும் போயிற்று. பேட்டரி இறங்கி ஏசி நின்றது. புது ரெக்ஸின் வாடையும் அவள் கை ரத்தத்தின் வாடையும் ஒன்றாகக் கலந்தன. பிறகு திரையும் அணைந்தது. அதோடு ராஜகுருவின் முகமும்.

"வருதா?"

"வர..."

தொண்டையில் காற்றுதான் வந்தது.

"இந்து?"

மறுபடியும் முயன்றாள். காற்று. உதடு மட்டும் அசைந்தது. சுவரைத் தட்டக் கையைத் தூக்கினாள். தட்டினால் மேலே இருப்பது அதை என்னவென்று எடுத்துக்கொள்ளும்? கை அப்படியே நின்றது.

மழை விட்டிருந்தது.

அப்போது வெளியிலிருந்து, பக்கவாட்டில், கேபிள் துளை இருக்கும் முழங்கால் உயரத்திலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. கம்மாத, தெளிவான குரல். அவளுடைய குரல். ராஜகுருவிடம் மட்டும் அவள் பேசும் மொழியில், அவனிடம் மட்டும் காட்டும் செல்லச் சலிப்போடு, அது சொன்னது: வந்துவிட்டது. இறங்கி வா.

டிஷ் நின்றது.

ஏணியில் ஒரு படி. இன்னொன்று.

சேற்றில் கால்கள். அவசரமில்லாமல். வண்டியின் நீளம் முழுக்க. கதவுவரை.

இருட்டில் தடவிக் கதவுக்கு வந்திருந்த அவள் கை இரும்புத் துண்டின் மேல் இருந்தது. அவள் அதைத் திருகவில்லை. அவள் விரல்களுக்குள், மெதுவாக, அது தானாகத் திரும்பியது.