உப்புக் கோடும் பதினான்கு ஆடுகளும்

"அண்ணே! ஓடியா! ஆடு மைதானத்தத் தின்னுது!"

பத்து வயது முத்துக்கனி போட்ட கூச்சலில் கால்பந்துக் குழு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அவள் சொன்னது பொய்யில்லை. பதினான்கு ஆடுகள் வரிசையாக நின்று, மைதானத்தில் போட்டிருந்த கோடுகளை நாக்கால் வழித்துக்கொண்டிருந்தன.

ஆடுகள் மேல் குற்றமில்லை. 1948ஆம் வருடம் அது. அந்த வாரம் தூத்துக்குடியில் கோடு போடச் சுண்ணாம்பு கிடைக்கவில்லை.

"சுண்ணாம்பு இல்லாட்டா என்னலே? உப்பும் வெள்ளைதானே!" என்றான் முத்துக்கனியின் அண்ணன் காசிலிங்கம். அவன்தான் குழுவின் தலைவன்.

பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு உப்பளத்தில் வேலை. அவர்களுக்கு வேறென்ன தோன்றும்? அளத்தில் கழித்துப்போட்ட உப்பை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். அழகாகக் கோடு இழுத்துவிட்டுக் கஞ்சி குடிக்கப் போனார்கள். ஆட்டுக்கு உப்பென்றால் உயிர் என்பது ஒருவருக்கும் நினைவில்லை. மகா கெட்டிக்காரர்கள்!

ஆடுகளை விரட்டி முடிப்பதற்குள் பாதிக் கோடு அவற்றின் வயிற்றுக்குள் போய்விட்டது. விரட்டிய ஆடுகளும் வேலியோரம் நின்று, மிச்சத்தைப் பார்த்து நாக்கைச் சுழற்றின.

எதிரணி ஓட்டப்பிடாரத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டது. நடுவர் தனராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் சிரித்து அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"நாலரைக்குள்ள கோடு முழுசா இருக்கணும். இல்லேன்னா வெற்றி அவங்களுக்கு."

காசிலிங்கத்தின் முகம் வாடிப்போயிற்று. மூன்றாம் பிரிவு லீக்கில் அவர்கள் குழுதான் கடைசி. இன்று சமமாகவாவது முடிக்க வேண்டும். தோற்றால் அடுத்த வருடம் லீக்கில் இடமே கிடையாது. அண்ணனைப் பார்க்க முத்துக்கனிக்கு அழுகை வந்தது. கால்பந்து என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம்.

"கடக்கரையில சிப்பி கெடக்குல்லா? அள்ளிட்டு வந்து போடுவோமா?" என்று கேட்டான் மாசானம் என்ற ஆட்டக்காரன்.

"நல்லாருக்கே! எல்லாரும் வெறுங்காலோட ஓடுதீக. காலு கிழியாதா?" என்றாள் முத்துக்கனி.

மாசானம் தன் பாதத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

வெள்ளையாக இருக்க வேண்டும். காலைக் கிழிக்கக் கூடாது. ஆடு தின்னவும் கூடாது. முத்துக்கனி கண்ணை மூடி யோசித்தாள். கரிசல் மண்ணில் பளிச்சென்று தெரிகிற ஒன்று எல்லா வீட்டு அடுப்பிலும் இருக்கிறதே!

"சாம்பல்!" என்று கத்திவிட்டு ஓடினாள்.

முதல் வீடு சீனித்தாய் அத்தையுடையது.

"அத்தே, அடுப்புச் சாம்பல் பூரா வேணும்!"

"எதுக்குளா? ஒடம்பெல்லாம் பூசிக்கிடவா?"

விஷயத்தைச் சொன்னதும் அத்தை ஓலைப்பெட்டியோடு தூக்கிக் கொடுத்தாள். முத்துக்கனி அப்படியே ஓடிவிடவில்லை. "கங்கு கெடந்தா கால் சுட்ருமே. சல்லடை தாங்க" என்று கேட்டு வாங்கிச் சலித்தாள். அதைப் பார்த்த தெருப்பிள்ளைகள் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். பத்தே நிமிடத்தில் பன்னிரண்டு பெட்டிச் சாம்பல் சேர்ந்துவிட்டது. அதற்குள் மிச்ச உப்பைக் காசிலிங்கம் குழு பெருக்கி அள்ளியிருந்தது.

நாலரை அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசிக் கோட்டைப் போட்டு முடித்தாள். ஓர் ஆடு வந்து மோந்து பார்த்தது. தும்மிவிட்டுப் போயிற்று.

ஆட்டம் தொடங்கியது. ஓட்டப்பிடாரம் ஒரு கோல் போட்டுவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவோ முட்டி மோதியும் காசிலிங்கம் குழுவுக்கு ஒன்றும் விழவில்லை. கடைசி நிமிடம். காசிலிங்கம் ஓங்கி உதைத்தான். பந்து எதிரணிக் கோல்கீப்பரின் கைக்குத் தப்பி உருண்டது. அவன் பாய்ந்து அதை வெளியே இழுத்துப் போட்டான்.

"கோலு!"

"இல்ல! கோட்டத் தாண்டல!"

இரண்டு பக்கமும் ஒரே சத்தம். தனராஜ் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். கோட்டுச் சாம்பல் ஒட்டிய பந்து, கோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு சாண் தூரம் வெள்ளைத் தடம் பதித்திருந்தது.

"உப்பா இருந்தா தெரிஞ்சிருக்காது," என்று எழுந்தவர் விசிலை ஊதினார். "கோல்!"

ஒன்றுக்கு ஒன்று! குழு பிழைத்தது. அன்றைக்குத்தான் தனராஜ் சிரித்ததை ஊர் பார்த்தது.

காசிலிங்கம் தங்கையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட்டம்பாட்டத்தோடு தெருவுக்குள் நுழைந்தான். அங்கே கரி பிடித்த பானைகளோடு பெண்கள் நின்றிருந்தார்கள்.

"தப்பிச்சதெல்லாம் சரிதான்," என்றாள் சீனித்தாய் அத்தை. "இப்ப நாங்க சாமான எத வச்சுலே வெளக்க?"

கொஞ்ச நேரத்தில் பதினொரு வீரர்களும் கிணற்றடியில் உட்கார்ந்து, மணலைப் போட்டுப் பானை தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அடியில இன்னும் கரி இருக்கு," என்றாள் முத்துக்கனி.

"தேய்க்கேன் தாயே, தேய்க்கேன்!" என்றான் குழுவின் தலைவன்.