கிளீனை மேலே வைத்தவன்

காலையில் வாசலில் குடையால் தலையில் இடித்தவன்தான் மதியம் தன் வேலையையும் கெடுத்தவன் என்று தெரிந்தபோது அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை. கோபம்தான் வந்தது...

இரண்டு மணி நேரம் ஓடிக் கட்டிய நிரலை ஒரே நொடியில் கணினி துடைத்துப் போட்டிருந்தது. அவள் தட்டியது வெறும் 'மேக்', நிரலைக் கட்டச் சொல்லும் கட்டளை. மணி ஒன்றரை. மூன்றுக்குள் நிரல் ஓடாவிட்டால் திட்டம் மேலாளரின் மைத்துனர் கைக்குப் போய்விடும். மைத்துனருக்குக் கணினியை அணைக்க மட்டும் தெரியும்.

"மேக் ஃபைல்ல கை வச்சது யாரு?" மேக் செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல் அது.

மூலையில் ஈரச் சட்டையோடு ஒருவன் எழுந்தான், காலைக் குடைக்காரன். திங்கட்கிழமை வேறு கிளையிலிருந்து வந்தவன். அந்தக் கண்கள்... மழை விட்ட பிறகும் இலையில் நிற்கும் துளி மாதிரி. சே, இப்ப இதுவா முக்கியம்?

"நான்தாங்க. பழைய ஃபைலை அழிக்க 'கிளீன்'னு ஒரு வேலை சேர்த்தேன்."

"எல்லாத்தையும் கட்டுற 'ஆல்'க்கு மேலயா? பேர் சொல்லாம மேக் தட்டினா முதல் வேலையத்தான் எடுக்கும்னு தெரியாதா?"

"தெரியும்ங்க. அதான் உங்க பின்னொட்டு விதிக்குக் கீழ ரெண்டாவதா வச்சேன்."

"புள்ளியில ஆரம்பிக்கிற அந்த வரி வேலையே இல்லங்க. எந்த ஃபைலை எதுவா மாத்தணும்னு சொல்ற விதி. மேக் அதைத் தாண்டிப் போயிடும். அடுத்து நின்னது உங்க கிளீன்."

மன்னிப்புக் கேட்பான் என்று பார்த்தால்...

"அப்ப அதை எதுக்குங்க உச்சியில வச்சீங்க?"

திமிர். தன் கணினிப் பக்கம் திரும்பினாள். ஆனால் அவன் 'ஆல்' வரியை மேலே ஏற்றி, பாதி ஃபைல்களைத் தன் கணினியில் கட்டிக் கொடுத்தான். இரண்டே முக்காலுக்கு நிரல் ஓடியது. மைத்துனர் முகம் தொங்கியது.

மாலை, வாசலில் மறுபடி மழை. அதே குடை.

"காலையில தெரியாம இடிக்கலீங்க..." என்றான். "நாலு நாளா லிஃப்ட்ல, கேன்டீன்ல, எங்க பார்த்தாலும் உங்க முன்னாடி முதல் ஆளா வந்து நிக்கிறேன். அந்தப் புள்ளி வரி மாதிரி என்னைத் தாண்டிப் போறீங்க. பிடிச்சிருக்குன்னு வேற எப்படிச் சொல்றது?"

"அதுக்கு மண்டையை உடைப்பீங்களா?" அவள் முறைத்தபடியே குடைக்குள் வந்தாள். "பேரைச் சொன்னா, அந்த வேலை எங்க நின்னாலும் மேக் தேடி வரும். அது கூடவா தெரியாது?"

அவன் அவள் பேரைச் சொன்னான்... ஒரே ஒரு முறைதான்.