வெள்ளைத்துணியில் கட்டிய சட்டி

வெயில் ஏறியும் மரியநாயகியின் குசினியில் அடுப்பு எரியவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, அவளுக்கு ஒருசந்தி உபவாசம். மூன்று வருடத்துக்குப் பிறகு விடிய வந்திறங்கிய மகள் நிலுஜாவுக்கும் மருமகன் சப்ரானுக்கும் ரமழான் நோன்பு. ஊர்காவற்றுறைக் கடல் அசையாமல் கிடந்தது. பசியில் வீடே பாதித் தூக்கத்தில் மிதப்பதுபோல் இருந்தது.

அலுமாரிக்கு மேலிருந்த வெள்ளைத்துணி மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். ஒரு சட்டி, ஒரு அகப்பை, சோறு சாப்பிட இரண்டு அகன்ற கோப்பை. எல்லாம் புதிது. அந்த நேரம் பார்த்து நிலுஜா உள்ளே வந்தாள்.

“இது ஆருக்கம்மா?”

“உங்கள் ரெண்டு பேருக்கும்தான் பிள்ளை.”

மகளின் முகம் கறுத்துப்போனது. வேலைக்கு வருகிறவர்களுக்குப் பின்வாசலில் தனிக்கோப்பை வைத்த ஊர் அது. சின்ன வயதில் அதைப் பார்த்து அழுதவள் அவள்.

“வேற கோப்பை வைக்கத்தானோ எங்களைக் கூப்பிட்டனீங்கள்? அவர் உங்களுக்குத் தீட்டோ...? அப்பாவெண்டாலும் வெளிப்படையா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறார். நீங்கள் சிரிச்சுக்கொண்டு செய்யிறியள்.”

நோன்பு திறக்கமுன் பின்னேர பஸ்ஸில் போய்விடுவதாகவும், இனி இந்தப் படி மிதிக்கமாட்டேன் என்றும் சொல்லி அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

மரியநாயகி கோப்பைகளைச் சட்டிக்குள் அடுக்கினாள். எப்படி விளக்குவாள்? வீட்டில் இப்போது பன்றியிறைச்சி சமைப்பதேயில்லை என்று தொலைபேசியில் பொய் சொல்லித்தான் மகளை வரவழைத்திருந்தாள். உண்மையைச் சொன்னால் புருசன் தலைகுனிய வேண்டும். பாவி மனம், பழியைத் தானே சுமந்தது. விறாந்தைக் கதிரையில் இருந்த சவிரிமுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடலையே பார்த்தார். மருமகனோடு அவர் இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னேரம் அவள் அந்தப் புதுச்சட்டியிலேயே மீன்குழம்பு வைத்தாள், இடியப்பம் அவித்தாள். ஒருசந்தி முடியாததால் உப்புப் பார்க்கவும் ஏலாது. கண்ணீர் மறைக்க மறைக்கத் துழாவினாள். கடல் மெல்லப் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது.

நிலுஜா பையைத் தூக்கிக்கொண்டு சப்ரானோடு விறாந்தைக்கு வந்தபோது சவிரிமுத்து எழுந்து வழியில் நின்றார்.

“நில் பிள்ளை. பண்டி சமைக்கிறேல்லை எண்டு கொம்மா சொன்னது பொய். எனக்காகச் சொன்ன பொய். உன்ர கலியாணத்தில இருந்த கோவத்தில ஞாயிற்றுக்கிழமையில பண்டியிறைச்சி கொண்டந்து இந்த வீட்டுச் சட்டியளுக்கை சமைப்பிச்சது நான். நீங்கள் ஒருநாளைக்கு வருவியள் எண்டு, பண்டி படாத சட்டி ஒண்டு வாங்கிக் கட்டிவைச்சவ. ஒருக்கா நான் அதில கைவைக்கப் போக, மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை...”

பை கீழே விழுந்தது. நிலுஜா குசினிக்குள் ஓடித் தாயைக் கட்டிக்கொண்டாள். “என்னட்டைச் சொல்லியிருக்கலாமே அம்மா...” மரியநாயகியால் அழத்தான் முடிந்தது. மூன்று வருட அழுகை அது.

சப்ரானின் தொலைபேசியில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழம் கைமாறியது. சவிரிமுத்து மட்டும் வாசலிலேயே நின்றார்.

“மாமா, எங்கட வீட்டில ஒரு தட்டில எல்லாரும் கைவைச்சுத்தான் சாப்பிடுறது. நீங்களும் வாங்கோ” என்றான் சப்ரான்.

அவர் கிணற்றடிக்குப் போனார். முழங்கைவரை தேய்த்துத் தேய்த்து நெடுநேரம் கழுவினார். ஈரக் கையோடு வந்து மருமகனின் கோப்பை முன் அமர்ந்தார். தாயும் மகளும் மற்றக் கோப்பையில் சாப்பிட்டார்கள்.

குழம்பில் உப்பே இல்லை. ஒருவரும் அதைச் சொல்லவில்லை.